பராக்குப் பார்த்த உத்தியோகம்

மத்தியானம் சாப்பிட்டுவிட்டுக் கண்ணை மூடினால் எனக்கு இன்னும் ஆஸ்பத்திரி ஓடுகிற சத்தம் கேட்கிறது. முதலில் மொட்டைமாடித் தொட்டியில் தண்ணீர் விழுகிறது. அப்புறம் எங்கோ லிஃப்ட் கதவு மூடுகிறது. சலவை அறையில் ஈரத்துணியைச் சுமந்துகொண்டு பெரிய டிரம் மெதுவாகச் சுற்றுகிறது. எல்லாம் ஒழுங்காக ஓடுகிறது என்று மனசுக்குத் தோன்றிய பிறகுதான் தூக்கம் வரும். ஓய்வு பெற்று வீட்டோடு உட்கார்ந்த பிறகும் இந்தப் பழக்கம் விடவில்லை. “ஆஸ்பத்திரிய இழுத்துப் பூட்டிட்டுத் தூங்குங்க” என்று என் மனைவி சொல்லுவாள். பூட்டுகிற கட்டடமா அது?

போன மாதம் முத்துலட்சுமி வீட்டுக்கு வந்திருந்தாள். நான் பார்த்த, கட்டடத்தைப் பராமரிக்கிற ஃபெசிலிட்டி மேனேஜர் வேலையை இப்போது அவள்தான் பார்க்கிறாள். டயாலிசிஸ் பிரிவுக்குப் புதிதாக ஒரு மீட்டர் வாங்கியிருக்கிறார்களாம். தண்ணீரில் குளோரின் ஏறினால் மெஷின் தானாக நின்றுவிடும், அவள் போனிலும் மணி அடிக்கும். காட்டினாள், அழகாக இருந்தது. ஆனால் புதிதாக வந்திருக்கிற பிள்ளைகள் மணி அடித்தால் பார்த்துக்கொள்ளலாம் என்று இருந்துவிடுகிறார்களாம். அந்த ஆடித்தபசுத் திருவிழா நாளில் என்ன நடந்தது என்று எழுதிக் கொடுத்தால் அவர்களுக்கு வாசித்துக் காட்டுவேன் என்றாள். அதனால்தான் இதை எழுதுகிறேன். கொஞ்சம் சுற்றி வளைத்துத்தான் வருவேன், பொறுத்துக்கொள்ள வேண்டும்.

நான் இந்த வேலைக்குப் படித்தவன் இல்லை. இப்படி ஒரு வேலை உலகத்தில் இருப்பதே தெரியாது. ராயகிரியில் எங்களுக்குக் கொஞ்சம் வயல் இருந்தது. அப்பாவும் அண்ணனும் வரப்பில் நின்றால் நான் வாய்க்காலில் போகிற நுரையைப் பார்த்துக்கொண்டு நிற்பேன். “ஏலே, பராக்குப் பாக்காத” என்பதுதான் வீட்டில் நான் அதிகமாகக் கேட்ட வார்த்தை. சரித்திரத்தில் பி.ஏ. முடித்தேன். எழுதிய பரீட்சை எதிலும் வேலை கிடைக்கவில்லை. அந்தச் சமயத்தில் அண்ணன் டிராக்டரிலிருந்து விழுந்து காலை முறித்துக்கொண்டான். சங்கரன்கோவிலில் ஒரு டிரஸ்ட் நடத்திய ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். கூட இருந்து பார்த்துக்கொள்ள வெட்டியாக இருந்தவன் நான் ஒருவன்தானே. என்னை அனுப்பினார்கள்.

காலில் எடை கட்டித் தூக்கிப் போட்டிருந்தார்கள். அவனும் அசைய முடியாது, எனக்கும் வேலை கிடையாது. வராந்தாவில் உட்கார்ந்து பராக்குப் பார்த்தேன். எந்தக் குழாய் சொட்டுகிறது, எந்த ஜன்னல் வழியாகப் பூனை வார்டுக்குள் வருகிறது, மழைத் தண்ணீர் எந்த மூலையில் தேங்குகிறது என்பதெல்லாம் எனக்கு மனப்பாடம் ஆகிவிட்டது. ஒருநாள் துப்புரவு வேலை பார்க்கிற அம்மாவிடம், அந்தக் கடைசி ஃபேனுக்குக் கீழே கட்டில் போடாதீர்கள், அது ஆடுகிற ஆட்டம் சரியில்லை என்று சொல்லிக்கொண்டிருந்தேன். பின்னால் மேட்ரன் நின்றுகொண்டிருந்தார். ஃபேனைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். இன்னும் என்னவெல்லாம் சரியில்லை என்று கேட்டார். நான் சொல்லச் சொல்ல என்னோடு ஆஸ்பத்திரி முழுக்க நடந்தார். அண்ணன் கட்டுப் பிரித்து ஊருக்குப் போனான். நான் போகவில்லை.

அப்புறம் எலெக்ட்ரீஷியனோடு கொஞ்ச நாள், பிளம்பரோடு கொஞ்ச நாள், ஜெனரேட்டர் மெக்கானிக்குக்கு ஸ்பேனர் எடுத்துக் கொடுத்துக் கொஞ்ச நாள், திருநெல்வேலியில் ஒரு சாயங்கால வகுப்பு. கரண்ட் அடித்தது, கால் வழுக்கியது, திட்டு வாங்கினேன். அவ்வளவுதான் என் பயிற்சி. முதலில் என்னை ‘பில்டிங் பார்க்கிற ஆள்’ என்றார்கள். பிறகு மெயின்டெனன்ஸ் சூப்பர்வைசர் ஆனேன். ஃபெசிலிட்டி மேனேஜர் என்று போர்டு மாட்டியது ரொம்பப் பிந்தி. இளையரசனேந்தலில் எனக்குப் பெண் பார்க்கப் போனபோது மாமனார் என்ன வேலை என்று கேட்டார். ஆஸ்பத்திரிக் கட்டடத்தைப் பார்த்துக்கொள்கிறேன் என்றேன். வாட்ச்மேன் வேலைக்கு பி.ஏ. எதற்கு என்று அவர் தன் தம்பியிடம் கேட்டது என் காதில் விழுந்தது. கல்யாணம் ஆன பிறகும் ரொம்ப நாள் அவருக்கு அந்தச் சந்தேகம் தீரவில்லை.

மேட்ரன் அம்மா பெயர் ஞானம்மாள். பிறகு அவரே நிர்வாக அதிகாரி ஆனார். ஆனாலும் எங்களுக்கு மேட்ரன் அம்மாதான். ஒல்லியான உடம்பு, விறைப்பான வெள்ளைச் சேலை. சத்தம் போட்டு நான் கேட்டதில்லை. அவருக்கு ஒரே ஒரு வழக்கம் உண்டு. ஒரு வேலை முடிந்துவிட்டது என்று நீங்கள் போய்ச் சொன்னால், ‘அப்படியா, வா’ என்று கூட்டிப்போய் உங்களையே அனுபவிக்கச் சொல்லுவார். கட்டிலைச் சரிசெய்த தச்சர் அதில் ஏறிப் படுத்துப் புரள வேண்டும். கழிப்பறையைக் கழுவியவர் அதைத்தான் அன்று உபயோகிக்க வேண்டும். தண்ணீர்த் தொட்டியைச் சுத்தம் செய்தால் முதல் டம்ளர் நமக்கு, இரண்டாவது டம்ளர் அவருக்கு. லிஃப்ட் பழுதாகிச் சரிசெய்த நாளில் ஒரு நாற்காலியை உள்ளே போடச் சொல்லி, தூக்குவாளியைத் திறந்து மத்தியானச் சாப்பாட்டை லிஃப்டிலேயே சாப்பிட்டார். லிஃப்ட் மேலும் கீழும் போய்வந்தது. கதவு திறக்கும் ஒவ்வொரு மாடியிலும் நின்றவர்கள் திகைத்து வணக்கம் வைக்க, அவர் மோர்ச்சோற்றுக் கையோடு தலையாட்டினார். எனக்கு அவர்மேல் பயம் இருந்தது. பயத்தைவிடப் பிரியம் அதிகமாக இருந்தது.

என் வேலையில் பாதி, கண்ணை அரைவாசி மூடிக்கொண்டு வராந்தாவில் நிற்பது. சத்தங்களைக் கேட்பேன். மோட்டார் தண்ணீரை இழுக்கிற சத்தமும் காற்றை இழுக்கிற சத்தமும் வேறு வேறு. புது டாக்டர்கள் நான் நின்றுகொண்டே தூங்குகிறேன் என்று நினைப்பார்கள். ‘தூங்குமூஞ்சி சார்’ என்று எனக்கு ஒரு பட்டப்பெயர் இருந்தது எனக்கும் தெரியும்.

டயாலிசிஸ் பிரிவு வந்தபோது நாலு மெஷின் வாங்கினார்கள். அதன் பக்கத்தில் தண்ணீர் அறை என்று ஒன்று. அங்கேதான் நான் அதிகம் பராக்குப் பார்த்தேன். சிறுநீரகம் கெட்டவர்களின் ரத்தத்தை வெளியே எடுத்து, கழுவி, உள்ளே அனுப்புகிற சிகிச்சை அது. மெல்லிய ஒரு சவ்வுக்கு அந்தப் பக்கம் ரத்தம் ஓடும், இந்தப் பக்கம் தண்ணீர் ஓடும். ஒரு தடவைக்குப் பல குடம் தண்ணீர் வேண்டும். அந்தத் தண்ணீரைத் தயார் செய்கிற அறை என் பொறுப்பு. தொட்டியிலிருந்து வருகிற தண்ணீர் முதலில் மணல் தொட்டிக்குள் போகும், அடுத்து கரித்தொட்டி, அடுத்து கடினத்தன்மையைக் குறைக்கிற தொட்டி, கடைசியாக உப்பை வடிகட்டுகிற ஆர்.ஓ. காலையில் ஜன்னல் வழியாக வெயில் விழும்போது குழாய்களுக்குள் தண்ணீர் நகர்வது தெரியும். உட்கார்ந்தால் எழுந்திருக்க மனசு வராது. வாய்க்கால் நுரையைப் பார்த்ததற்குத் திட்டு வாங்கியவனுக்குத் தண்ணீரைப் பார்ப்பதற்கே சம்பளம் தருகிறார்களே என்று நினைத்துச் சிரித்துக்கொள்வேன்.

தினமும் காலையில் யாரையும் மெஷினில் மாட்டுவதற்கு முன் ஒரு சோதனை உண்டு. கரித்தொட்டியைத் தாண்டி வருகிற தண்ணீரைச் சின்னக் கண்ணாடிக் குழாயில் பிடிக்க வேண்டும். ஒரு பொட்டலத் தூளைப் போட்டுக் குலுக்க வேண்டும். கொஞ்ச நேரம் வைத்துவிட்டு, வெள்ளைத் தாளுக்கு முன்னால் வெளிச்சத்தில் பிடித்துப் பார்க்க வேண்டும். குளோரின் இருந்தால் ரோஜா நிறம் வரும். வரக் கூடாது. நாம் குடிக்கிற தண்ணீரில் குளோரின் இருப்பது நல்லது, கிருமியைக் கொல்லும், வயிறு அதைச் சமாளித்துக்கொள்ளும். டயாலிசிஸில் தண்ணீர் ரத்தத்துக்குப் பக்கத்திலேயே போகிறது. அங்கே குளோரின் வந்தால் ரத்த அணுக்கள் உடைந்துபோகும், ஆளையே கொண்டுபோய்விடும். கரித்தொட்டி வைத்திருப்பதே குளோரினைப் பிடிப்பதற்காகத்தான். அதையும் மீறி வருகிறதா என்று பார்ப்பதற்குத்தான் இந்தச் சோதனை.

அந்த வருஷம் ஆடியில் காற்று மட்டும்தான் வந்தது. எங்கள் போர்வெல் வற்றி, லாரித் தண்ணீர் வாங்கிக்கொண்டிருந்தோம். பால்சாமி என்பவருடைய லாரி. நேரத்துக்கு வரும், நல்ல மனுஷன். தபசு அன்று தெருவை அடைத்துவிடுவார்கள் என்பதால் விடிவதற்குள்ளேயே எங்கள் தொட்டியை நிரப்பிவிட்டுப் போய்விட்டார். ஆஸ்பத்திரி இருப்பது ரதவீதியை ஒட்டிய தெரு. நான் வரும்போதே வெளியூர் ஜனம் தெருவில் நிறைந்திருந்தது. நேர்த்திக்கடனாகக் கோவிலைச் சுற்றிவர வந்த பெண்கள் ஈரச்சேலையோடு கோவிலைப் பார்த்துப் போய்க்கொண்டிருந்தார்கள். மேளச்சத்தம் ஒரு பக்கம், மைக்கில் காணாமல்போனவர்கள் பெயர் ஒரு பக்கம்.

தண்ணீர் அறைக்குள் போய்ச் சோதனை செய்தேன். நிறம் வந்தது.

முதலில் நம்பவில்லை. குழாயைக் கழுவி மறுபடி செய்தேன். மறுபடியும் ரோஜா நிறம், லேசாக இல்லை, நன்றாகவே. கரி மாற்றி ரொம்ப நாள் ஆகவில்லை, அது கெட்டுப்போக நியாயமில்லை. உள்ளே ஓடி, டெக்னீஷியன் செல்வியிடம் யாரையும் மாட்ட வேண்டாம் என்று சொன்னேன். நாலு பேரும் வந்து கட்டிலில் ஏறியாகிவிட்டது. அவள் முதல் ஆளுக்கு ஊசி போடத் தயாராக இருந்தாள். அப்படியே கையை எடுத்துக்கொண்டாள்.

நாலு பேரில் ஒருவர் மாரியப்பன். விசைத்தறி ஓட்டுகிறவர். முந்தின முறை சிகிச்சைக்கு வராமல் சொந்தத்தில் ஒரு கல்யாணத்துக்குப் போய், ஊறுகாயும் அப்பளமும் சாப்பிட்டு, தாகத்துக்குத் தண்ணீரையும் குடித்துவிட்டு வந்திருந்தார். உடம்பு முழுக்க நீர் கோர்த்து, கால் தூணாக வீங்கி, படுக்க முடியாமல் உட்கார்ந்தபடி மூச்சு வாங்கிக்கொண்டிருந்தார். மூச்சில் களகளவென்று தண்ணீர்ச் சத்தம். மற்ற மூன்று பேரும் நாளைக்குக்கூட வரலாம். மாரியப்பனுக்கு அன்றைக்கே அந்த நீரை எடுத்தாக வேண்டும். அவர் மனைவி பேச்சியம்மாள் என் முகத்தைப் பார்த்துவிட்டு, என்ன ஆச்சு என்று கேட்டாள். மேட்ரன் அம்மாவைக் கூப்பிட்டுவருகிறேன் என்று வெளியே ஓடினேன்.

மேட்ரன் அம்மா வந்தார். நான் விஷயத்தைச் சொன்னேன். அவர் வழக்கப்படி ஒரு டம்ளரை எடுத்து, தொட்டிக் குழாயில் பிடித்து, முழுசும் குடித்தார்.

“மருந்து வாசம் கொஞ்சம் கூடத்தான். குடிக்க நல்லாத்தான இருக்கு, வேலு” என்றார்.

“குடிக்கதுக்கு நல்லதுதாம்மா. அவங்க இதக் குடிக்கலியே. ரத்தத்துலல்லா படுது.”

அவர் டம்ளரைக் கவிழ்த்து வைத்தார். அவ்வளவு வருஷத்தில் அவர் குடித்துப் பார்த்து நல்லது என்றதை நான் இல்லை என்று சொன்னது அதுதான் முதல் தடவை. அவர் கோபப்படவில்லை. சோதனைத் தூள் பழசாக இருக்குமோ என்று கேட்டார். நியாயமான கேள்வி. மூடி திறக்காத பாட்டில் தண்ணீர் வாங்கிவரச் சொல்லி, அதில் அதே தூளைப் போட்டோம். நிறம் வரவில்லை. எங்கள் தண்ணீரில் போட்டோம். வந்தது. இரண்டு குழாய்களையும் ஜன்னல் வெளிச்சத்தில் சேர்த்துப் பிடித்து அவர் வெகுநேரம் பார்த்தார். தெருவில் ஒரு கூட்டம் குலவையிட்டுக்கொண்டு போனது.

“அப்ப மாரியப்பன்?” என்றார்.

அதுதான் கேள்வி. தண்ணீரை விட்டால் நாலு பேரையும் கொன்றுவிடலாம். விடாவிட்டால் மாரியப்பன் நம் கண்முன்னால் மூச்சுமுட்டிப் போய்விடலாம். திருநெல்வேலியில் இருந்த சிறுநீரக டாக்டரைப் போனில் பிடித்தோம். அந்தத் தண்ணீரைத் தொடவே கூடாது என்றார். ஆம்புலன்ஸில் அனுப்பலாமா என்று கேட்டதற்கு டியூட்டி டாக்டர் ஜன்னல் வழியாகத் தெருவைப் பார்த்தார். இந்தக் கூட்டத்தில் ஊரைத் தாண்டுவதற்கே வெகுநேரம் ஆகும், வழியில் மூச்சு நின்றால் ஒன்றும் செய்ய முடியாது, ஆக்ஸிஜனும் மருந்தும் கொடுத்து மத்தியானம் வரை இங்கேயே பிடித்து வைக்கலாம், அதற்குள் நல்ல தண்ணீர் வராவிட்டால் ஆனது ஆகட்டும் என்று அனுப்பிவிடலாம் என்றார். மாரியப்பன் இதையெல்லாம் கண்ணை மூடிக் கேட்டாரா இல்லையா என்று அப்போது யாரும் கவனிக்கவில்லை.

“நீ தண்ணியப் பாரு. ஆளுகள நான் பாத்துக்கிடுதேன்” என்று மேட்ரன் அம்மா சொல்லிவிட்டு மாரியப்பன் பக்கத்தில் போய் உட்கார்ந்தார்.

பால்சாமிக்குப் போன் செய்தேன். தண்ணீரில் என்ன போட்டீர்கள் என்று கேட்டேன். அவர் உற்சாகமாகத்தான் பேசினார். தபசுக்கு அவர் லாரி வருஷாவருஷம் தண்ணீர்ப் பந்தல்களுக்குக் காசு வாங்காமல் ஊற்றும், அது அவர் நேர்த்தி. “ஊருப்பட்ட ஜனம் வருது அண்ணாச்சி. ஒருத்தருக்கும் வயித்தால போயிரக் கூடாதுல்லா. அதான் பிளீச்சிங் பவுடர ரெண்டு கை கூட அள்ளிப் போட்டேன். பந்தலுக்கு ஊத்தினது போக மிச்சத்தத்தான் ஒங்களுக்கு ஊத்தினேன்” என்றார். விஷயத்தைச் சொன்னேன். கரித்தொட்டி தாங்குகிற அளவு இல்லை அது என்றேன். “நல்லதுக்குத்தான போட்டேன்” என்று ஒரு தடவை சொன்னார். கொஞ்ச நேரத்தில் கூட்டத்தைப் பிளந்துகொண்டு சைக்கிளில் வந்துவிட்டார். சட்டை நனைந்திருந்தது. அவர்மேல் எனக்குக் கோபம் வரவில்லை, வந்திருந்தாலும் அந்த முகத்தைப் பார்த்து ஒன்றும் சொல்லியிருக்க முடியாது.

அவர் லாரியில் மருந்து ஊறிக் கிடக்கிறது, அது ஆகாது. மேலநீலிதநல்லூர் போகிற ரோட்டில் தன் தங்கை பொன்னுத்தாய்க்குப் பிச்சிப்பூத் தோட்டம் இருப்பதாகவும், கிணற்றில் தண்ணீர் கிடப்பதாகவும், டிராக்டரில் இழுக்கிற டேங்க் ஒன்று நிற்பதாகவும் அவர்தான் சொன்னார். கிளம்புவதற்கு முன் தொட்டித் தண்ணீரை வெளியேற்ற வேண்டும். இந்தப் பஞ்சத்தில் சாக்கடையில் விடவா என்று நான் யோசித்தபோது, வார்டிலிருந்து எட்டிப் பார்த்த மேட்ரன் அம்மா, குடிக்கவும் குளிக்கவும் ஆகிற தண்ணீர்தானே, வாசலில் விடு என்றார். பெரிய குழாயைத் தெருவில் நீட்டித் திறந்துவிட்டோம். சுடுகிற தரையில் வெறுங்காலோடு நடந்த பெண்கள் அந்த ஈரத்துக்கு வந்து நின்றார்கள். குழந்தைகளின் காலை நனைத்தார்கள். ஒரு கிழவர் தலையில் அள்ளித் தெளித்துக்கொண்டார். உள்ளே ஓர் உயிருக்கு ஆகாத தண்ணீர் வெளியே அத்தனை பேரைக் குளிர வைத்தது. அந்த அவசரத்திலும் நான் ஒரு நிமிஷம் பார்த்துக்கொண்டு நின்றேன். பால்சாமி என் கையைப் பிடித்து இழுத்தார்.

தோட்டத்தில் அன்றைய பூவைப் பறித்து அனுப்பியாகிவிட்டது. பொன்னுத்தாய் மட்டும் இருந்தாள். அந்த டேங்கில் எப்போதாவது பூச்சிமருந்து கலந்தது உண்டா என்று முதலில் கேட்டேன். அவளுக்கு முகம் சுருங்கிவிட்டது. பூப்பறிக்கிற பெண்கள் குடிக்கிற தண்ணீர் இதில்தான் வருகிறது, மருந்துக்கு வேறு டிரம் என்றாள். ஆனாலும் உள்ளே இறங்கித் தேய்த்துக் கழுவினோம். நான் தலையை உள்ளே விட்டு மோந்து பார்த்தேன். கிணற்றுத் தண்ணீரில் தூளைப் போட்டேன், நிறம் வரவில்லை. உப்பு கொஞ்சம் கூடத்தான், அதை ஆர்.ஓ. பார்த்துக்கொள்ளும். இவ்வளவு தண்ணீரை எடுத்துவிட்டால் பூவுக்கு என்ன செய்வாய் என்று பால்சாமி தங்கையைக் கேட்டார். “பூவு ஒரு நாளு தாங்கும்” என்று சொல்லிவிட்டு அவள் மோட்டாரைப் போட்டாள்.

திரும்பும்போது நான் டேங்குக்கு மேலே, மூடியைக் கையால் அமுக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். வெயிலில் கண் கூசியது. ஆடிக்காற்றில் பிச்சி மணம் ரோட்டோடு கூடவே வந்தது. கீழே தண்ணீர் தளும்புகிற அதிர்வு உடம்பில் ஏறியது. சின்ன வயதில் வாய்க்காலில் காலை விட்டு உட்கார்ந்திருக்கிற மாதிரியே ஒரு மயக்கம். நடுவே நடுவே மாரியப்பனின் அந்தக் களகளவென்ற மூச்சு காதில் கேட்கும், விழித்துக்கொள்வேன். பயமாக இருந்தது. அவர் போய்விட்டால் நான் நிறுத்தியதால் போனார் என்றுதான் ஊர் சொல்லும். நானும் அப்படித்தான் நினைப்பேன்.

ஊர் எல்லையில் போலீஸ்காரரிடம் கெஞ்சினோம், உள்ளே விட்டார். கூட்டத்துக்குள் நுழைந்ததும்தான் நான் எதிர்பார்க்காதது நடந்தது. தண்ணீர் டேங்கைப் பார்த்ததும் பந்தலுக்கு வருகிறது என்று நினைத்து ஜனம் சூழ்ந்துகொண்டது. டம்ளர்கள், செம்புகள், காலிப் பாட்டில்கள், வெறுங்கைகள் எல்லாம் என்னைப் பார்த்து நீண்டன. தபசு அன்று, விரதம் இருந்து சுற்றிவந்து தாகத்தோடு கை நீட்டுகிறவர்களுக்குத் தண்ணீர் இல்லை என்று சொல்ல எங்கள் ஊரில் யாருக்கும் வாய் வராது. பால்சாமி தலையைக் குனிந்துகொண்டார். ஈர மஞ்சள் சேலையோடு ஒரு பெண் டேங்கின் குழாய்க்குக் கீழே செம்பைப் பிடித்தேவிட்டாள்.

“ஆசுபத்திரிக்குத் தாயி. இது வந்தாத்தான் ஒரு உசிரு பொழைக்கும்” என்றேன்.

அவள் செம்பை எடுத்துக்கொண்டாள். திரும்பி, கூட வந்தவர்களைப் பார்த்து, “வழிய விடுங்கட்டி, ஆசுபத்திரித் தண்ணி போவுது” என்று குரல் கொடுத்தாள். அந்தக் குரலை அடுத்தவள் வாங்கிச் சொன்னாள், அவளுக்கு முன்னால் நின்றவள் சொன்னாள். டிராக்டர் போகப்போக முன்னால் கூட்டம் விலகிக்கொண்டே போனது. நீட்டின கைகள் இறங்கின, சிலர் கும்பிட்டார்கள். தண்ணீர் கேட்டு இல்லை என்று சொன்னவனைப் பார்த்து எதற்குக் கும்பிட்டார்கள் என்று இன்றைக்கும் எனக்குத் தெரியாது. நான் சப்பரத்தில் வருகிறவன் மாதிரி மேலே உட்கார்ந்து அழுதுகொண்டே வந்தேன்.

தொட்டியில் ஏற்றி, மணல் தொட்டியையும் கரித்தொட்டியையும் திரும்பத்திரும்ப அலசினோம். முதல் சோதனையில் இன்னும் லேசாக நிறம் இருந்தது. குழாய்களில் தங்கியிருந்த பழைய தண்ணீர். எல்லாவற்றையும் திறந்து ஓடவிட்டோம். உள்ளே டாக்டர் ஆம்புலன்ஸ் டிரைவரைக் கூப்பிடுகிற சத்தம் கேட்டது. அடுத்த சோதனை. தாளுக்கு முன்னால் குழாயைப் பிடித்தேன். செல்வியும் பக்கத்தில் வந்து குனிந்து பார்த்தாள். நிறம் இல்லை. கொஞ்சம் பொறுத்துப் பார்த்தோம். இல்லை. ஆர்.ஓ.வைத் தாண்டி மெஷினுக்குப் போகிற இடத்திலும் பிடித்துப் பார்த்தோம். இல்லை. மாட்டலாம் என்று தலையை ஆட்டினேன்.

மேட்ரன் அம்மா மாரியப்பனின் முதுகுக்குத் தலையணை கொடுத்து, தன் தோளிலும் சாய்த்துக்கொண்டிருந்தார். காலையிலிருந்து எழுந்திருக்கவில்லை என்று பேச்சியம்மாள் சொன்னாள். மெஷின் ஓட ஆரம்பித்து, உடம்பிலிருந்த நீர் கொஞ்சம் கொஞ்சமாக இறங்கியது. அந்தக் களகளப்பு குறைந்தது. சாயங்காலம் அவர் சாய்ந்து படுத்துத் தூங்கினார். நான் மொட்டைமாடிக்குப் போய்த் தொட்டிக்குப் பக்கத்தில் உட்கார்ந்தேன். தபசிருந்த அம்மனுக்குச் சாமி காட்சி கொடுக்கிற நேரம். ரதவீதியில் விவசாயிகள் தங்கள் வெள்ளாமையைக் காணிக்கையாக வாரியிறைத்துச் சூறைவிட்டார்கள். பருத்திப் பஞ்சு பறந்து வந்து எங்கள் தொட்டியின் மூடிமேல் இறங்கியது. நான் அதை எடுக்காமல் பார்த்துக்கொண்டே இருந்தேன்.

மறுநாள் மேட்ரன் அம்மா என்னையும் செல்வியையும் கூப்பிட்டார். நோயாளிகளிடம் இதைப் பற்றிப் பேச வேண்டாம் என்றார். “அந்தத் தண்ணிய நம்பித்தான் அவங்க வந்து படுக்காங்க. இனி படுக்கும்போதெல்லாம் பயந்துக்கிட்டே படுக்கணுமா?” என்று கேட்டார். தண்ணீர் வரத் தாமதம், அவ்வளவுதான் சொல்ல வேண்டும். சரி என்றேன். ஆனால் ஊர் வாய் சும்மா இருக்குமா. ஆஸ்பத்திரித் தண்ணீரில் விஷமாம் என்று கிளம்பிவிட்டது. இரண்டு பேர் சிகிச்சைக்கே வரமாட்டோம் என்று வீட்டில் இருந்துகொண்டார்கள். டயாலிசிஸை விட்டால் எத்தனை நாள் இருக்க முடியும்?

அந்தச் சமயத்தில்தான் மாரியப்பன் ஆரம்பித்தார். “விசமுமில்ல ஒண்ணுமில்ல. நம்ம அண்ணாச்சி வால்வத் திறந்துவிட மறந்துட்டுத் தூங்கிட்டாரு. முழிச்சுப் பாத்தா தொட்டி காலி. அதான் டிராக்டர்ல ஓடினாரு” என்று எல்லோரிடமும் சொல்லிக்கொண்டு திரிந்தார். ஏற்கெனவே எனக்கு இருந்த பட்டப்பெயருக்கு அது கச்சிதமாகப் பொருந்தியது. ஊர் சிரித்தது. பயந்து வீட்டில் இருந்த இரண்டு பேரும் சிரித்துக்கொண்டே திரும்பி வந்தார்கள். அது நல்லதுதான். எனக்குத்தான் வயிறு எரிந்தது. அதற்குப் பிறகு சிகிச்சைக்கு வருகிற நாளெல்லாம் மாரியப்பன் வார்டுக்குள் நுழையும்போதே சத்தமாக, “என்ன அண்ணாச்சி, இன்னைக்குத் தண்ணி வந்துட்டா?” என்று கேட்பார். எல்லோரும் சிரிப்பார்கள். நான் முறைத்துக்கொண்டு வெளியே போய்விடுவேன். உன்னைக் காப்பாற்றத்தான்யா ஓடினேன் என்று சொல்ல வாய் துடிக்கும். மேட்ரன் அம்மாவுக்குக் கொடுத்த வாக்கு தடுக்கும். இது ஒன்றிரண்டு நாள் இல்லை, வருஷக்கணக்காக நடந்தது.

மேட்ரன் அம்மா ஓய்வு பெற்றுப் போனார். நான் மேனேஜர் ஆனேன். ஒரு மாசியில் மாரியப்பன் வீட்டில் தூக்கத்திலேயே போய்விட்டார், இதயம் நின்றுவிட்டது. நான் துஷ்டி கேட்கப் போனேன். பேச்சியம்மாள் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். என்னைப் பார்த்ததும் கையைக் காட்டிப் பக்கத்தில் உட்காரச் சொன்னாள்.

“ஒங்ககிட்ட ஒண்ணு சொல்லணும் அண்ணாச்சி. அன்னைக்கு நடந்தது பூராவும் அவுகளுக்குத் தெரியும். கண்ண மூடிக் கெடந்தாலும் டாக்டர் பேசினது எல்லாம் காதுல விழுந்துட்டு. மத்தவுக பயந்து வராம நின்னுட்டா செத்துப் போயிருவாவளேன்னுதான் அப்படிச் சொல்லிட்டு அலைஞ்சாவ. அண்ணாச்சி பேரு கெட்டா அவரு தாங்கிக்கிடுவாருன்னு சொல்லுவாவ.”

அதை என்னிடம் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே என்று கேட்டேன்.

“நானும் சொன்னேன். சொன்னா நீங்க சிரிச்சிருவீகளாம். நீங்க மொறைச்சாத்தான் மத்தவுக நம்புவாவளாம். அதான் ஒங்க கோவம் ஆறிராம வாரத்துக்கு வாரம் பாத்துக்கிட்டாவ.”

நான் துஷ்டி வீட்டில் வாய்விட்டுச் சிரித்துவிட்டேன். வாசலில் உட்கார்ந்திருந்த ஆண்கள் எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். பேச்சியம்மாளும் சேலைத் தலைப்பை வாயில் வைத்துக்கொண்டு சிரித்தாள். பிறகு நாங்கள் இரண்டு பேரும் அழுதோம்.